கமாவுக்கு நடுவுல விட்டுப்போன மூணு வசனம்

2024 டிசம்பர் 1, கிறிஸ்துமஸுக்கு முன்னால நாலு ஞாயிறு வர்ற திருவருகைக்காலத்தோட முதல் ஞாயிறு. காலைப் பூசையில முதல் வாசகம் எனக்குன்னு பேரு போட்டிருந்தாங்க. எரேமியா 33, மூணே மூணு வசனம்தான். நான் தையல் கடை வெச்சிருக்கேன், வாசகம் வந்தா திங்கக்கிழமையே அத ஒரு தாள்ல எழுதி மெஷினுக்கு எதிர்ல செவுத்துல ஒட்டிடுவேன், காலு பாட்டுக்கு மிதிக்கும் வாயி பாட்டுக்கு படிக்கும். அந்த வாரமும் அப்படித்தான். ஆனா சனிக்கிழமை ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிகிட்ட கரையேறிட்டு நகரவே மாட்டேன்னு நின்னுடுச்சு, ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை, ரெயின்போ நகர் பக்கம்தான் எங்க வீடு, விடியறதுக்குள்ள முழங்கால் தண்ணி உள்ள வந்துடுச்சு. மெஷின தூக்கி கட்டில் மேல வெச்சோம், அத்தைய தூக்கி இன்னொரு கட்டில் மேல உக்கார வெச்சோம். கரண்ட் இல்ல, போன்ல சார்ஜ் இல்ல, பூசைக்குப் போறதுன்ற பேச்சுக்கே இடமில்ல.

அத்தைக்கு எண்பது நெருங்குது. ஞாயித்துக்கிழமை பூசை காணாம இருந்ததே இல்ல. "கோயிலுக்குத்தான் போவ முடியல, நீ படிச்சு வெச்சத இங்கியே வாசியேம்மா"ன்னாங்க. செவுத்துல இருந்த தாள் தண்ணியில போச்சு, ஆனா மனசுல இருந்துச்சு, அதனால மெழுகுவத்திய கொளுத்தி பைபிள எடுத்து வாசிச்சேன். அந்த நாள்கள்ல எருசலேம் பாதுகாப்பா வாழும்னு வருது. முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் அன்னைக்கு நற்செய்தி, லூக்கா 21. கடலோட கொந்தளிப்பும் முழக்கமும் கேட்டு மக்கள் கலங்குவாங்கன்னு ஆரம்பிக்குது. அத்தை கைய காட்டி "போதும் நிறுத்து, மெழுகுவத்தி வீணாவுது"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "இத யாரு இன்னைக்குன்னு பாத்து போட்டாங்க?"ன்னு கேட்டாங்க.

யாரும் பாத்துப் போடல. அதுதான் நான் இங்க சொல்ல வந்ததே. நாம கத்தோலிக்கப் பூசையில கேக்குற வாசகங்களோட அட்டவணை 1969-ல ரோம்ல இருந்து வந்தது, ஞாயிறுகளுக்கு மூணு வருசச் சுத்து, ஏ வருசம் மத்தேயு, பி வருசம் மாற்கு, சி வருசம் லூக்கா, யோவான் பெரும்பாலும் ஈஸ்டருக்கு அப்புறம் வர்ற பாஸ்கா காலத்துலயும் அதுக்கு முன்னால வர்ற தவக்காலத்துலயும் வருவாரு, பி வருசத்துல மட்டும் நடுவுல அஞ்சு ஞாயிறு யோவான் ஆறாம் அதிகாரம். திருவருகைக்காலத்தோட முதல் ஞாயிறுன்னா எந்த வருசமா இருந்தாலும் உலக முடிவு, விழிப்பா இருங்கன்றதுதான் நற்செய்தி, மாட்டுக்கொட்டாயும் இடையர்களும் நாலு வாரம் கழிச்சுத்தான். நாமதான் ஸ்டார் கட்டுற அவசரத்துல அத காதுல வாங்குறதில்ல. புயல் மாசமும் அதே மாசமா இருக்குறதால கடலூர், புதுச்சேரிக்காரங்களுக்கு அந்த வாசகம் அப்பப்ப கொஞ்சம் கிட்டத்துல வந்து ஒக்காந்துக்குது, அவ்வளவுதான்.

ஆனா அவ்வளவுதான்னு சொல்லிட்டு போக எனக்கு இருபது வருசம் ஆச்சு.

நான் பொறந்தது கடலூர் முதுநகர். 2004 டிசம்பர் 26-உம் ஞாயிறு, திருக்குடும்பத் திருவிழா. ஏ வருசம், மத்தேயு இரண்டாம் அதிகாரம். அப்பதான் நான் வாசகம் வாசிக்க ஆரம்பிச்ச புதுசு, கல்யாணம் ஆகல, காலைப் பூசையில சீராக் ஞானம், அப்பா அம்மாவ மதிக்கணும்ன்ற வாசகம் நான்தான் வாசிச்சேன். நற்செய்தியில யோசேப்போட கனவுல தூதர் வந்து, எழுந்திரு, குழந்தையையும் தாயையும் கூட்டிக்கிட்டு எகிப்துக்குத் தப்பி ஓடுன்னு சொல்றாரு. பூசை முடிஞ்சு வீட்டுக்கு வந்து இட்லிக்கு முன்னால உக்காந்தோம், துறைமுகப் பக்கத்துல இருந்து ஜனங்க ஓடி வராங்க, இடுப்புல புள்ள, கையில புள்ள, கடல் வருது கடல் வருதுன்னு. கடல் எப்படி வரும்னு எங்கப்பா எழுந்து பாக்கப் போனாரு, பின்னாடி சித்தப்பா புடிச்சு இழுத்தாரு, நாங்களும் ஓடினோம். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனங்குப்பம். கடலூர் மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல போயிட்டாங்க. அத பத்தி இங்க நான் ரொம்ப எழுதப் போறதில்ல, அந்த ஊர்க்காரங்களுக்கு தெரியும், மத்தவங்களுக்கு எழுதிப் புரிய வெக்க என்னால ஆகாது.

ரெண்டு நாள் கழிச்சு செவ்வாக்கிழமை, டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் திருவிழா. கோயில்ல பத்து பதினஞ்சு பேர் இருந்திருப்போம். திரும்பவும் அதே மத்தேயு 2, தூதர், தப்பி ஓடு. ஆனா அன்னைக்கு வாசகம் அங்க நிக்கல. ஏரோது பெத்லகேம் குழந்தைகள வெட்டினது, அப்புறம் ராமாவுல கேக்குற ஓலம், ராகேல் தன் புள்ளைங்களுக்காக அழுவுறா, யாரு தேத்தினாலும் தேற மாட்டேன்றா, ஏன்னா புள்ளைங்க இல்ல. ஞாயித்துக்கிழமை இது ஏன் வரல? பூசை முடிஞ்சதும், கோயில்ல ஃபாதருக்கு உதவியா இருக்குற உபதேசியார் ஐயாகிட்ட போய் கேட்டேன். அவரு அதிகம் பேச மாட்டாரு. வாசக நூல எடுத்து ஞாயிறு பக்கத்த திறந்து விரல வெச்சு காட்டினாரு. மத்தேயு 2:13-15, 19-23. "பதினஞ்சுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவுல ஒரு கமா இருக்குது பாரு பாப்பா. திருவிழான்னு அத தாண்டிட்டாங்க. தாண்டினது இன்னைக்கு வந்துச்சு"ன்னாரு.

அன்னைல இருந்து எனக்கு ஒரு பழக்கம், வாசகத்தோட எண்ணுல கமா இருந்தா விட மாட்டேன், விட்டுப்போனத எடுத்துப் படிச்சுட்டுத்தான் வாசிக்கப் போவேன். எல்லா கமாவும் இவ்வளவு பெரிய விசயம் இல்ல, நிறைய இடத்துல நீளம் குறைக்கத்தான் விட்டிருக்காங்க. ஃபெஞ்சல் அன்னைக்கு நான் வாசிச்ச லூக்கா 21-லயும் கமா உண்டு, நடுவுல விட்டது அத்திமர உவமை, மரம் தளிர் விடுறத பாத்து கோடை கிட்ட வந்துச்சுன்னு தெரிஞ்சுக்குங்கன்றது. அன்னைக்கு எரேமியாவுலயும் தாவீதுக்கு ஒரு தளிர்னு வருது. ரெண்டையும் சேத்து பாத்தா அந்த கொந்தளிப்பு நற்செய்திக்கே வேற முகம் வருது. கமாவத் தேடி இதெல்லாம் கிடைக்கும். வாசிக்கிறவங்க மட்டும் இல்ல, சும்மா கேக்குறவங்களும் செய்யலாம், ரெண்டு நிமிசம்தான் ஆகும்.

மூணு மாசம் கழிச்சு பாஸ்கா. 2005-ல ஈஸ்டர் மார்ச் 27, அதனால பாஸ்கா திருவிழிப்பு சனிக்கிழமை ராத்திரி மார்ச் 26, அலை வந்து சரியா மூணு மாசம். அந்த ராத்திரி பழைய ஏற்பாட்டுல இருந்து ஏழு வாசகம் இருக்கு, நேரம் இல்லன்னா குறைச்சுக்கலாம், ஆனா ஒண்ண மட்டும் எந்தக் காரணத்துக்கும் விடக்கூடாது, விடுதலைப்பயணம் 14, செங்கடல். எனக்கு வந்தது அதுதான். வியாழக்கிழமை ஒத்திகையில வாசிச்சுப் பாக்கும்போதே கை நடுங்குச்சு. தண்ணி சுவரு மாதிரி நிக்குது, அப்புறம் கடல் திரும்பி வருது, ஒருத்தன்கூட தப்பல. ஃபாதர்கிட்ட போய் "சாமி, இத விட்டுடலாமா, ஜனங்க தாங்க மாட்டாங்க"ன்னேன். அவரு கொஞ்ச நேரம் பேசல. "விட முடியாதும்மா. நானும் யோசிச்சுப் பாத்தேன். மெதுவா வாசி"ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல, விளக்கமும் குடுக்கல, அன்னைக்கு எனக்கு கோவமா இருந்துச்சு.

ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்துல வாசிச்சேன். கடல் திரும்பி வந்த வரியில குரல் போயிடுச்சு, நிறுத்தி எச்சில் முழுங்கிட்டு மறுபடி வாசிச்சேன். எங்க பங்குல சின்னப் பையன தண்ணிக்குக் குடுத்த அக்கா ஒருத்தங்க நடுவுல உக்காந்திருந்தாங்க. எழுந்து வெளிய வராந்தாவுக்குப் போயிட்டாங்க. வாசகம் முடிஞ்சதும் பாட்டு, ஆண்டவர் குதிரையையும் வீரனையும் கடல்ல தள்ளிட்டாருன்னு வெற்றிப் பாட்டு. பாடகர் குழு பாடுச்சு, கோயில்ல பாதி பேரு வாயத் திறக்கல. உன்னதங்களிலே பாட்டுக்கு மணி அடிச்சப்ப அந்த அக்கா திரும்ப உள்ள வந்தாங்க. சாமி தண்ணி மந்திரிச்சு தெளிச்சுக்கிட்டே வந்தப்ப முந்தானைய இழுத்து தலைமேல போட்டுக்கிட்டாங்க.

பூசை முடிஞ்சு வெளிய அவங்ககிட்ட மன்னிச்சுக்குங்கக்கான்னேன். எதுக்குடி மன்னிப்புன்னாங்க. அப்புறம் கேட்டாங்க: "நீ வாசிச்ச கதையில செத்தாங்களே, அவங்களுக்கும் அம்மா இருந்திருப்பா இல்ல?"

எனக்கு பதில் தெரியல. ரெண்டு நாள்ல, மார்ச் 28 ராத்திரி, சுமத்ரா பக்கம் மறுபடியும் பெரிய பூகம்பம், கடலோரம் எல்லாரும் திரும்ப ஓடினோம், நல்லவேளை அலை வரல. ரொம்ப வருசம் கழிச்சு ஒரு பைபிள் வகுப்புல, யூதங்க தல்மூதுல ஒரு கதை இருக்குன்னு சொன்னாங்க. எகிப்தியர் மூழ்கினப்ப வானதூதருங்க பாடத் தொடங்கினாங்களாம், கடவுள் தடுத்து, என் கைவேலை கடல்ல மூழ்குது, நீங்க பாட்டா பாடுறீங்கன்னு கேட்டாராம். அந்தக்கா கேட்டதும் அதே கேள்விதானே. அவங்க படிச்சது அஞ்சாவது. அன்னைக்கு பாடாம வாய மூடி நின்ன பாதி கோயிலும் பூசைக்குள்ளதான் இருந்துச்சுன்னு எனக்கு அப்பதான் தோணுச்சு.

அடுத்தது தானே புயல். 2011 டிசம்பர் 30. அந்த வருசம் கிறிஸ்துமஸே ஞாயித்துக்கிழமை வந்ததால திருக்குடும்பத் திருவிழாவ 30-ஆம் தேதிக்கு தள்ளியிருந்தாங்க, விடியக்காலைல புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல ஏறுச்சு. பி வருசம், லூக்கா 2, கோயில்ல குழந்தைய காணிக்கையா குடுக்குறது, சிமியோன் மாதாகிட்ட உன் உள்ளத்துல ஒரு வாள் பாயும்ன்றாரு. பண்ருட்டிப் பக்கம் எங்க சித்தப்பாவுக்கு தாத்தா வெச்ச பலாமரம், முந்திரி எல்லாம் வேரோட சாஞ்சு கெடந்துச்சு. எங்கம்மாவுக்கு இன்னைக்கும் திருக்குடும்பத் திருவிழான்னாலே வயித்துல புளியக் கரைக்கும். ரெண்டு தடவ அந்த நாள்லயே வந்துச்சில்லன்னுவாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். டிசம்பர் கடைசி வாரம் ஒரு திருவிழா இருந்தா, நம்ம கடற்கரையில டிசம்பர் கடைசி வாரம் ஏதாவது நடந்தா, ரெண்டும் மோதத்தான் செய்யும். இதுல குறி பாக்க ஒண்ணுமில்ல. வாசகம் நமக்கு ஜோசியம் சொல்லல. அது பாட்டுக்கு வருது, நாம இருக்குற நெலமையில வந்து விழுது.

இதனாலயே எனக்கு வாக்குத்தத்த அட்டை மேல கொஞ்சம் கடுப்பு. வருசப்பொறப்பன்னைக்கு டப்பாவுல கைய விட்டு ஒரு வசனம் எடுக்குறது, வாட்ஸ்அப்ல தினம் ரோஜாப்பூ படத்துல ஒரு வசனம். தப்புன்னு சொல்லல, ஆறுதல் தேடுறவங்கள நான் யாரு தடுக்க. ஆனா அந்த டப்பாவுல ராகேல் வசனம் இருக்காது, போடவும் மாட்டாங்க. நமக்கு புடிச்சத நாமளே பொறுக்கி எடுத்தா நமக்கு ஏற்கனவே தெரிஞ்சதுதான் திரும்ப கிடைக்கும். திருச்சபை காலங்கள்படி வர்ற வாசகம் நம்ம மூட் பாக்காது. சந்தோசமா இருக்குற அன்னைக்கு சாம்பல் பூசும், அழுதுட்டு இருக்குற அன்னைக்கு அல்லேலூயா பாடச் சொல்லும்.

சரி, உருப்படியா நாலு விசயம் சொல்லணும், வாசகம் வாசிக்கிறவங்க, அன்பியத்துல, அதாவது அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க கூடி ஜெபிக்கிற குழுவுல, பகிரச் சொன்னா முழிக்கிறவங்களுக்காக. மொதல்ல எந்த வருசம்னு தெரிஞ்சுக்குங்க. 2018-ல நான் ஒரு கூத்து பண்ணேன். திருப்பலி முன்னுரை என் பொறுப்பு, நேரம் இல்லாம நெட்ல பொதுக்காலம் (தவக்காலம், பாஸ்கா மாதிரி விசேச காலம் இல்லாத வாரங்கள்) 31-ஆம் ஞாயிறுன்னு தேடி கிடைச்சத அப்படியே எழுதிக்கிட்டு போய் சக்கேயு மரத்துல ஏறினாரு நாமும் ஏறுவோம்னு உருக்கமா வாசிச்சுட்டு வந்து உக்காந்துட்டேன், ஃபாதர் நற்செய்தி வாசிக்கிறாரு, சக்கேயுவும் இல்ல மரமும் இல்ல, மாற்கு 12, எல்லாத்துலயும் பெரிய கட்டளை எதுன்ற கேள்வி. சக்கேயு சி வருசத்து ஆளு. பூசை முடிஞ்சு ஒரு தாத்தா "ஏம்மா, மரத்துல ஏத்திவிட்டுட்டு எறக்காமலே போயிட்டியே"ன்னாரு. அப்புறம் ஒரு சிஸ்டர் கணக்கு சொல்லிக் குடுத்தாங்க. வருசத்தோட எண்கள கூட்டி மூணால வகுத்து மீதி இல்லன்னா சி, மீதி ஒண்ணுன்னா ஏ, ரெண்டுன்னா பி. 2025-ஐ கூட்டினா 9, சி. 2026-ஐ கூட்டினா 10, மீதி ஒண்ணு, ஏ. ஒரே ஒரு சிக்கல், திருச்சபை வருசம் திருவருகைக்காலத்துலயே தொடங்கிடும், அதனால நவம்பர் கடைசி, டிசம்பர்ல அடுத்த வருசத்து எண்ணத்தான் கூட்டணும்.

அப்புறம், மூணு வாசகத்தையும் ஒரே நூல்ல கோக்க பாக்காதீங்க, நானும் வருசக்கணக்கா கஷ்டப்பட்டேன். பொதுக்காலத்துல முதல் வாசகம் நற்செய்திக்கு ஜோடியா பாத்து எடுத்தது, இரண்டாம் வாசகம் பெரும்பாலும் பவுல் கடிதமா தனியா வாரா வாரம் தொடர்ந்து போவும், அதுக்கும் நற்செய்திக்கும் சம்பந்தம் இருக்கணும்னு அவசியமே இல்ல. தவக்காலத்துல முதல் வாசகம் தனிப் பாதையில போவும், ஆதிப் பெற்றோர், நோவா, ஆபிரகாம், மோசேன்னு மீட்பு வரலாற்றோட பெரிய கட்டங்கள். பாஸ்கா காலத்து ஞாயிறுகள்ல பழைய ஏற்பாடே வராது, திருத்தூதர் பணிகள்தான். இது தெரிஞ்சாலே பாதி குழப்பம் போயிடும்.

வாசிக்கும்போது, பவுல் கடிதம்னா மொதல்ல வினைச்சொல் எங்க இருக்குன்னு தேடுங்க. தமிழ்ல அது கடைசியில உக்காந்திருக்கும், அவரு வாக்கியமோ அஞ்சு வரி போவும், மூச்ச எங்க விடணும்னு முன்னாடியே பென்சில்ல கோடு போட்டு வெக்கலன்னா நடுவுல தொங்கிடுவோம். பேருங்கள சத்தமா பழகுங்க. தூய ஆவி திருவிழாவுல பார்த்தர், மேதியர், எலாமியர், கப்பதோக்கியா, பம்பிலியான்னு ஒரு பட்டியல் வரும் பாருங்க, மொத வருசம் பம்பிலியாவ பாம்பிலியான்னு வாசிச்சு பின்னாடி பெஞ்சு பசங்க பெந்தகோஸ்துக்கு மேல சந்தோசமாயிட்டாங்க.

அன்பியத்துல ஏழு படி முறையில பகிர்றோம்ல, வாசிச்சுட்டு மனசுல பட்ட வார்த்தைய மூணு தடவ சொல்லி, அப்புறம் மௌனம். எங்க அன்பியத்துல மொதல்ல அந்த மௌனத்த முப்பது செகண்ட்ல முடிச்சுடுவாங்க, உடனே யாராவது பிரசங்கம் ஆரம்பிச்சுடுவாங்க. இப்ப அஞ்சு நிமிசம் கடிகாரம் பாத்து உக்காருறோம். இன்னொண்ணு, ஆறுதலா இருந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க, உறுத்துன வார்த்தையும் சொல்லலாம்னு சொல்லிட்டோம். அப்பதான் பேசாத பொம்பளைங்க பேசினாங்க. தவக்காலம் தொடங்குற திருநீற்றுப் புதனுக்கு யோவேல் வாசகம், துணிய கிழிக்காதீங்க இதயத்த கிழிச்சுக்குங்கன்னு வருது, ஒருத்தங்க "எங்க வீட்ல அவரு ரெண்டையும் கிழிச்சு வெச்சிருக்காரு, நான் எத கிழிக்கிறது"ன்னாங்க. யாரும் பதில் சொல்லல. சொல்லாம இருந்தது நல்லது. அன்னைக்கு ஒருசந்தி நோன்பு எல்லாருக்கும், ஆனா அவங்கள விட்டு யாரும் எழுந்து போவல. அடுத்த வாரம் எதிர்வீட்டம்மா அவங்கள கூட்டிக்கிட்டு மகளிர் காவல் நிலையத்துக்குப் போனாங்க. அது தனிக் கதை.

போன டிசம்பர்ல, 2025, மறுபடி ஏ வருசம். திருக்குடும்ப ஞாயிறு 28-ஆம் தேதி வந்துச்சு. காலண்டர பாத்துட்டு எனக்கு திக்குன்னு ஆச்சு. 28 மாசில்லாக் குழந்தைகள் நாள், ஆனா ஞாயிறு வந்தா திருக்குடும்பத் திருவிழாதான் நிக்கும், குழந்தைகள் திருவிழா அந்த வருசம் இல்ல. அப்போ கமாவுல தாண்டுன வசனம் இந்த தடவ எந்த நாள்லயும் பூசையில வராது. சனிக்கிழமை சாயங்காலம் எங்க வீட்ல அன்பியம், ஒன்பது பேர் வந்திருந்தாங்க. முதுநகர்ல இருந்து அந்த அக்காவும் மக வீட்டுக்கு புதுச்சேரி வந்திருந்தாங்க, நான்தான் கூப்பிட்டிருந்தேன். நற்செய்திய வாசிச்சேன், 15 வரைக்கும் வந்து நிறுத்தினேன், நடுவுல மூணு வசனம் இருக்கு, வாசிக்கட்டுமாக்கான்னு கேட்டேன்.

"குடு, நானே வாசிக்கிறேன்"னு பைபிள வாங்கினாங்க. கண்ணாடி கொண்டு வரல, அத்தையோட கண்ணாடிய வாங்கிப் போட்டுக்கிட்டாங்க. எழுத்துக்கூட்டித்தான் வாசிச்சாங்க, ராமா, ராகேல், தேற மாட்டேன்றா. வாசிச்சு முடிச்சு பைபிள மூடல, விரல அந்த இடத்துலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அஞ்சு நிமிசத்துக்கு நான் கடிகாரத்தப் பாக்கல. அத்தை எழுந்து போய் காபிக்கு பால் வெச்சாங்க.